வாங்கும் விலையும் வைத்திருக்கும் செலவும்



சென்ற மாதம் நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டம் முடிந்து காபி சாப்பிட்டுக் கொண்டிருக்கையில், அங்கத்தினர்களில் மூவர் தனித்தனியாக எங்களை ஓரமாக அழைத்து ஒரே விஷயத்தைக் கேட்டனர். ஒருவர் மிளகாய் வற்றல் மண்டி வைத்திருப்பவர். மற்றவர் எண்ணெய் வியாபாரி. மூன்றாமவர் இரண்டு மளிகைக் கடைகள் நடத்தும் இளைஞர். அவர் கேட்டதை அவர் வார்த்தையிலேயே தருகிறோம்: "அண்ணாச்சி, ஜெர்மன் கார் ஒன்று வந்திருக்கிறது. புதிதாக எடுக்கும்போது அறுபது லட்சம் ஆன வண்டி. எட்டு வருஷம் ஓடியிருக்கிறது. பதினாறு லட்சத்துக்குத் தருகிறார்கள். எடுக்கலாமா? நீங்கள் வைத்திருந்தீர்களே."

அந்தக் கடைசி வார்த்தைதான் இக்கட்டுரைக்குக் காரணம். ஆம், வைத்திருந்தோம். விருதுநகரில் எங்கள் கடை வாசலில் 2019 ஜூன் முதல் 2023 மார்ச் வரை அப்படி ஒரு கார் நின்றது. அதற்கு ஆன ஒவ்வொரு செலவையும் தனி நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம். பருப்பு, மல்லி, வற்றல் என்று நாற்பது ஆண்டுகளாக மொத்த வியாபாரம் செய்கிற எங்களுக்குக் காரைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று கேட்டால், அந்த நோட்டுதான் தகுதி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். ஒரு சரக்கு சந்தை விலைக்குக் கீழே வந்தால் நாம் உடனே மூடையைத் தூக்குவதில்லை. ஏன் குறைந்தது என்று கேட்கிறோம். ஈரமா, பூச்சி விழுந்ததா, போன வருஷத்து இருப்பா, வாங்கியவனுக்குப் பண நெருக்கடியா என்று விசாரித்து, சாக்கில் குத்தூசியைப் போட்டுப் பார்த்த பிறகே விலை பேசுகிறோம். உளுந்து மூடைக்குக் காட்டுகிற இந்த நிதானத்தைக் கார் விஷயத்தில் நம்மில் பலர் காட்டுவதில்லை. அறுபது லட்சத்து வண்டி பதினாறுக்கு வருகிறது என்றால் நாற்பத்து நான்கு லட்சம் லாபம் என்று மனம் கணக்குப் போட்டுவிடுகிறது. நாங்களும் அப்படித்தான் போட்டோம்.

அந்த விலை ஏன் சரிகிறது? இவ்வகைக் கார்களைப் புதிதாக வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கம்பெனிகளும் பெரிய டாக்டர்களும் தொழிலதிபர்களுமே. அவர்கள் வாரண்டி உள்ளவரை ஓட்டுகிறார்கள். வாரண்டி முடிந்து பெரிய செலவுகள் வரும் தருவாயில் மாற்றிவிடுகிறார்கள். இரண்டாம் கையாக வாங்க ஆசைப்படுகிறவர்கள் பலர்; வாங்கிப் பராமரிக்கக் கூடியவர்கள் சிலரே. ஆகவே விலை விழுகிறது. அதாவது, வரப்போகிற செலவைக் கழித்துக்கொண்டுதான் சந்தை அந்த விலையைச் சொல்கிறது. நாம் அதைத் தள்ளுபடி என்று நினைத்துக் கொள்கிறோம்.

வண்டியின் விலைதான் மூன்றில் ஒன்றாகிறது. அதன் உதிரி பாகத்தின் விலை குறைவதில்லை. புது வண்டிக்குப் போடுகிற அதே பிரேக் டிஸ்க், அதே ஷாக் அப்சார்பர்தான் பழைய வண்டிக்கும். வாங்கியவன் பதினாறு லட்சத்துக்கு வாங்கினானா அறுபது லட்சத்துக்கு வாங்கினானா என்று ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டரில் கேட்பதில்லை. இந்த வண்டிகள் நம் நாட்டிலேயே தயாராகின்றனவே என்பார்கள். உண்மைதான். பென்ஸ் கார் 1995 முதல் புனேயிலும், பி.எம்.டபிள்யூ. 2007 முதல் நம் சென்னைக்கு அருகே மகிந்திரா சிட்டியிலும் பூட்டப்படுகின்றன. ஆனால் பூட்டுவது இங்கே என்பதால் பாகங்கள் எல்லாம் இங்கே வார்க்கப்படுகின்றன என்று பொருள் இல்லை. பல பாகங்கள் கப்பலில்தான் வருகின்றன; சுங்கமும் அன்னியச் செலாவணியும் அவற்றின் விலையில் ஏறித்தான் நம்மிடம் வருகின்றன.

இனி நோட்டுக்கு வருவோம்.

நாங்கள் வாங்கியது 2012-ஆம் வருஷத்து டீசல் வண்டி. கம்பெனிப் பெயர் வேண்டாம். அவர்கள் மீது எங்களுக்குக் குறை எதுவும் இல்லை. குறை எங்கள் கணக்கில்தான். புதிதாக ரோட்டுக்கு வரும்போது சுமார் 50 லட்சம் ஆன வண்டியை, மீட்டரில் 62,000 கிலோமீட்டர் காட்டிய நிலையில், ரூ.14,50,000-க்கு வாங்கினோம். எங்கள் தம்பிக்கு அதில் ஆசை. தம்பி மகளுக்கு அப்போது வரன் பார்த்துக் கொண்டிருந்தோம். வருகிறவர்கள் வாசலைப் பார்ப்பார்கள் என்றான். நாங்கள் பத்து நாள் யோசித்தோம், பிறகு காசோலையில் இருவருமே கையெழுத்திட்டோம். தம்பியின் ஆசை என்று இன்று தள்ளிவிடுவது நியாயமாகாது. முன் சீட்டில் முதல் நாள் உட்கார்ந்து மாரியம்மன் கோயிலுக்குப் போனபோது எங்களுக்கும் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

முதல் ஆண்டு நாலு டயர் ரூ.88,000. பழைய டயரில் பூ இருந்தது, ஆனால் வயது முடிந்து பக்கவாட்டில் வெடிப்பு விட்டிருந்தது. விற்றவர் சொல்லவில்லை, நாங்களும் குனிந்து பார்க்கவில்லை. பாட்டரி ரூ.24,000. இந்த வண்டிகளில் பாட்டரியை மாற்றினால் கம்ப்யூட்டரிலும் பதிய வேண்டும் என்பது அன்றுதான் தெரிந்தது. தெருமுனைக் கடையில் வாங்கி மாட்டுகிற காரியம் அல்ல. முன் பிரேக் டிஸ்க்கும் பேடும் ரூ.46,000. ஆயில், ஃபில்டர் சர்வீஸ் ரூ.32,000. இன்சூரன்ஸ் ரூ.48,000. ஆக ரூ.2,38,000. புதிதாக வாங்கியவுடன் எல்லாவற்றையும் சரி செய்துவிட்டோம், இனி நாலு வருஷத்துக்குச் செலவில்லை என்று தம்பி சொன்னான். நம்பினோம்.

இரண்டாம் ஆண்டு கொரோனா. மளிகை அத்தியாவசியம் என்பதால் கடை நடந்தது, ஆனால் கார் கிட்டங்கிக் கொட்டகையிலேயே நின்றது. நமது கிட்டங்கிகளில் எலி இல்லாத கிட்டங்கி எது? 2020 ஆகஸ்டில் கிளப்பிப் பார்த்தால் கிளம்பவில்லை. உள்ளே வயரைக் கடித்து வைத்திருந்தது. சாதாரண வண்டியாக இருந்தால் நம்மூர் எலக்ட்ரீஷியன் ஒட்டுப் போட்டு ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு போயிருப்பார். இதில் அந்த வயர் கட்டையே மொத்தமாக மாற்ற வேண்டும் என்றார்கள். ரூ.58,000. சர்வீஸும் இன்சூரன்ஸும் சேர்த்து அந்த ஆண்டு ரூ.1,30,000. யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பார்கள். இந்தக் கார் இரண்டு விதமாகவும் தின்றது.

மூன்றாம் ஆண்டு முன்புற சஸ்பென்ஷன் இறங்கிவிட்டது. ரூ.1,64,000. கியர் பாக்ஸ் ஆயில் மாற்ற ரூ.38,000. அந்த ஆயில் ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம் என்று வாங்கும்போது எங்களிடம் சொன்னார்கள். யாருடைய ஆயுள் என்று கேட்டிருக்க வேண்டும். ஆட்டோமாட்டிக் கியர் பாக்ஸ் தயாரிக்கிறவர்களே குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. மற்றவை சேர்த்து ரூ.2,79,000.

நான்காம் ஆண்டைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

2022 தீபாவளி அக்டோபர் 24-ஆம் தேதி. தீபாவளிச் சரக்கு என்பது நமக்கு என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உளுந்தும் கடலை மாவும் சர்க்கரையும் புரட்டாசியிலேயே வந்து இறங்கிவிட வேண்டும். கையில் உள்ள பணம் முழுவதும் சரக்காக மாறி, சரக்கு சில்லறைக் கடைகளில் கடனாக நிற்கிற காலம் அது. அக்டோபர் முதல் வாரத்தில் திருச்சியிலிருந்து திரும்பும்போது துவரங்குறிச்சி அருகே கார் நான்கு வழிச் சாலை ஓரம் நின்றுவிட்டது. கியர் விழவில்லை. இழுத்துக்கொண்டு போகவும் கூடாதாம். தட்டு லாரியில் ஏற்றித்தான் போக வேண்டும். ஒர்க்‌ஷாப் வரை கொண்டு சேர்க்க ரூ.14,000. கியர் பாக்ஸின் கம்ப்யூட்டர் போய்விட்டது, ரூ.2,35,000 ஆகும், முக்கால் பங்கு முன்பணம் கட்டினால்தான் பாகத்துக்கு ஆர்டர் போடுவோம் என்றார்கள். பாகம் வர 19 நாள் ஆயிற்று.

அந்தப் பணத்தைப் பருப்பு மில்லுக்காக எடுத்து வைத்த பணத்திலிருந்து கட்டினோம். நாலு நாளில் வசூலில் சரிக்கட்டிவிடலாம் என்பது கணக்கு. தீபாவளி நேரத்து வசூல் நம் கணக்குக்கா வரும்? தவணைத் தேதியில் பணம் குறைந்தது. எங்கள் தகப்பனார் காலம் தொட்டு அந்த மில்லோடு கொடுக்கல் வாங்கல். 33 வருஷத்தில் முதல் தடவையாகப் பத்து நாள் தவணை கேட்டோம். மில்காரர் ஒரு வார்த்தை பேசாமல் சரி என்றார். பத்தாம் நாள் கட்டிவிட்டோம். ஆனால் அடுத்த லோடுக்குப் போன் செய்தபோது அவருடைய கணக்கப்பிள்ளை எடுத்து, "பாதி அட்வான்ஸ் அனுப்பிவிடுங்கள் அண்ணாச்சி, முதலாளி சொல்லச் சொன்னார்" என்றார். அவர் மீது கோபப்பட வழியில்லை. எங்களிடம் சரக்கு எடுக்கிற கடைக்காரர் ஒரு தடவை தவறினால் நாங்களும் அதைத்தான் செய்வோம். அந்த அட்வான்ஸ் பழக்கம் மாறிப் பழைய முறைக்கு வர ஒன்றரை வருஷம் பிடித்தது. இதை நோட்டில் எந்தப் பத்தியில் எழுதுவது என்று தெரியவில்லை; எழுதவில்லை.

அந்த ஆண்டுச் செலவு ரூ.3,18,000. நாலு பத்தியையும் கூட்டினால் ரூ.9,65,000. இதில் டீசல் இல்லை, டிரைவர் சம்பளம் இல்லை, டோல் இல்லை. வைத்திருந்த 45 மாதத்துக்குப் பங்கிட்டால் மாதம் 21,000 ரூபாய்க்கு மேல். கடையில் ஒரு ஆளுக்குச் சம்பளம் கொடுத்தது போல.

2023 மார்ச்சில் ரூ.6,25,000-க்கு விற்றோம். வாங்கிய விலையில் நஷ்டம் ரூ.8,25,000. செலவும் சேர்த்து ரூ.17,90,000. மீட்டர் 91,000-இல் நின்றது. ஆக நாங்கள் ஓட்டியது 29,000 கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால் டீசல் நீங்கலாகவே கிலோமீட்டருக்கு 61 ரூபாய்க்கு மேல் வருகிறது. அதே காலத்தில் டிராவல்ஸ் வண்டி டீசலும் சேர்த்துப் பதினான்கு, பதினைந்து ரூபாய்க்கு வந்தது. இன்னும் ஒன்று உண்டு. 14,50,000 ரூபாய் சரக்கில் இருந்திருந்தால், வருஷத்துக்கு எட்டுச் சுற்று, சுற்றுக்கு நூற்றுக்கு ஒன்றரை என்று குறைத்துப் பிடித்தாலும் நூற்றுக்குப் பன்னிரண்டு, வருஷம் ரூ.1,74,000. இதையும் சேர்த்து மொத்தத்தைச் சொன்னால் தம்பி எழுந்து போய்விடுவான், ஆகவே நாங்கள் சொல்வதில்லை.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது ஒன்றே. வருஷச் சராசரிச் செலவு சுமார் ரூ.2,57,000. வாங்கிய விலையோடு ஒப்பிட்டால் நூற்றுக்குப் பதினேழுக்கு மேல். இப்படிச் சொன்னால் ஏதோ அநியாயம் போலத் தோன்றும். ஆனால் அந்த வண்டியின் புது விலையான 50 லட்சத்தோடு ஒப்பிட்டால் நூற்றுக்கு ஐந்துதான். 50 லட்சத்து வண்டிக்கு வருஷம் இரண்டரை லட்சம் என்றால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். பழைய பெரிய காரை வாங்குகிறவன் வாங்கும் விலையை மறந்துவிட்டுப் புது விலையை வைத்தே பராமரிப்பைக் கணக்கிட வேண்டும் என்பது எங்கள் அபிப்பிராயம். ஆகவே 60 லட்சத்து வண்டியைப் பதினாறுக்கு வாங்க நினைக்கும் தம்பிக்குச் சொல்கிறோம்: வருஷம் மூன்று லட்சம், கடையின் முதலில் கை வைக்காமல், வீட்டுக்கு எடுக்கிற லாபத்திலிருந்து தர முடியுமா என்று பாருங்கள். முடியும் என்றால் தாராளமாக வாங்குங்கள். எங்கள் வண்டியில் நடந்தது எல்லா வண்டியிலும் நடக்கும் என்று சொல்லவில்லை. ஒன்றுமே நடக்காமல் போகலாம். ஆனால் நடந்தால் அது ஐயாயிரம் பத்தாயிரத்தில் வராது, லட்சத்தில்தான் வரும், அதுவும் நமக்கு வசதியான மாதம் பார்த்து வராது.

கம்பெனிப் பெயரில் வாங்கினால் வரியில் மிச்சம் என்று ஒரு பேச்சு இருக்கிறது. நாங்களும் கடைப் பெயரில்தான் வாங்கினோம். விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். சரக்கு ஏற்றும் வண்டி வேறு, ஆள் போகும் கார் வேறு. பதின்மூன்று பேர் வரை அமரக்கூடிய வண்டியைச் சொந்த உபயோகத்துக்கு வாங்கினால், அதற்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யை நாம் விற்பனை வரியில் கழித்துக்கொள்ள முடியாது. அதன் ரிப்பேருக்கும் இன்சூரன்ஸுக்கும் கட்டிய ஜி.எஸ்.டி.யும் அப்படியே. வருமான வரியில் தேய்மானம் நூற்றுக்கு 15 உண்டு, அதுவும் வருஷா வருஷம் குறைந்துகொண்டே போகும் மதிப்பின் மீது. எங்கள் வண்டிக்கு முதல் ஆண்டுத் தேய்மானம் ரூ.2,17,500, பங்குதாரர் நிறுவனத்துக்கு நூற்றுக்கு முப்பது வரி என்றால் மிச்சமானது சுமார் ரூ.65,000. ஒரு ரூபாயைச் செலவழித்து முப்பது காசு மிச்சம் பிடிப்பதை நாம் வேறு எந்த வியாபாரத்திலும் லாபம் என்று சொல்வதில்லை. சொந்த உபயோகத்துக்கு ஓடிய பங்கை அதிகாரிகள் கழிக்கவும் கூடும். விற்றுமுதலில் இத்தனை சதவீதம் லாபம் என்று அனுமான அடிப்படையில் கணக்குக் காட்டுகிற சிறு கடைக்காரர்களுக்கோ தேய்மானம் தனியாகக் கிடைக்கவே கிடைக்காது. அது அந்தச் சதவீதத்திலேயே அடங்கிவிட்டதாகச் சட்டம் கொள்கிறது. நம் அங்கத்தினர்களில் பாதிப் பேர் இந்த வகைதான்.

விற்கும்போதும் ஒரு கணக்கு உண்டு. ஜி.எஸ்.டி.யில் பதிவு பெற்றவர் தேய்மானம் எழுதிய காரை விற்றால், விற்ற விலை புத்தக மதிப்பைவிட எவ்வளவு கூடுதலோ அதற்கு மட்டும் வரி. 2025 ஜனவரி முதல் பழைய வண்டிகள் எல்லாவற்றுக்கும் அது நூற்றுக்கு 18. எங்களுக்குப் புத்தக மதிப்பு ரூ.8,90,000-க்கு மேல் இருந்தது, விற்றதோ ஆறேகால். வரி வரவில்லை. நஷ்டத்துக்கு ஒரு லாபம் இருக்கத்தான் செய்கிறது! இவற்றையெல்லாம் உங்கள் ஆடிட்டரிடம் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

வரி மாற்றம் வேறு வகையிலும் தாக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு இருந்த 28 சதவீத ஜி.எஸ்.டி.யும் அதன் மேல் செஸ்ஸும் போய் மொத்தமாக 40 சதவீதம் என்றாயிற்று. சிறிய கார்களுக்கு 18 ஆயிற்று. புது வண்டி விலை இறங்கினால் பழைய வண்டி விலையும் இறங்கத்தானே வேண்டும். விலை ஏறும் என்று நாம் இருப்பு வைக்கிற மல்லி, மிளகுக்காவது ஏறும் நாள் ஒன்று உண்டு. கார் அப்படிப்பட்ட சரக்கு அல்ல.

இத்தனைக்கும் பிறகு வாங்கத் தீர்மானித்தவர்களுக்கு எங்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறோம். கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் வண்டியின் சேஸிஸ் நம்பரைக் கொடுத்து முழு சர்வீஸ் சரித்திரத்தையும் உரிமையாளர் மூலமாக வாங்கிப் பாருங்கள். மீட்டர் பொய் சொல்லலாம், சர்வீஸ் பில்லில் எழுதிய கிலோமீட்டர் அவ்வளவு சுலபமாகப் பொய் சொல்லாது. பணம் கொடுத்தாவது ஒரு நல்ல மெக்கானிக்கிடம் கம்ப்யூட்டர் போட்டுப் பாருங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டியா என்பதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் சென்னை, தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கமும் எத்தனை வண்டிகள் மூழ்கின! அவற்றில் பல சுத்தம் செய்யப்பட்டுச் சந்தைக்கு வந்திருக்கும். சீட் பெல்ட்டை முழு நீளமும் வெளியே இழுத்துப் பாருங்கள். சேறு படிந்த கோடு அங்கே தெரியும். சீட்டுக்கு அடியில் உள்ள தண்டவாளத்தில் துருவையும், டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியையும் பாருங்கள். சில வண்டிகளில் ஸ்டெப்னியே கிடையாது. பஞ்சர் ஆனாலும் கொஞ்ச தூரம் ஓடும் டயர் என்று போட்டிருப்பார்கள். அதன் விலையைக் கேட்டுக்கொண்டு பிறகு உட்காருங்கள்.

வெளி மாநில வண்டி மலிவாக வருகிறது என்பார்கள். குறிப்பாக, டில்லி வட்டாரத்தில் பத்து வருஷம் கடந்த டீசல் வண்டிகளுக்கான தடையை 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது முதல் அங்குள்ள வண்டிகள் தெற்கே வரலாயின. அங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே மறுபதிவு செய்து, நம் மாநில வரியைக் கட்டி முடிக்கும்போது மலிவு எவ்வளவு மிஞ்சுகிறது என்று முன்கூட்டியே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள். கடன் இருந்த வண்டியானால் பாங்கியின் விடுவிப்புப் படிவமான 35-ஐ வாங்காமல் பணத்தை முழுதும் கொடுத்துவிட வேண்டாம்.

இன்சூரன்ஸில் நம்மவர்கள் ஏமாறுவது மூன்று இடத்தில். விற்றவருக்கு இருந்த நோ கிளெய்ம் போனஸ் அவருடையது, வண்டியோடு வராது. வண்டி கைமாறிய பதினான்கு நாளுக்குள் பாலிசியைத் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இல்லையேல் சொந்த வண்டிச் சேதத்துக்கு இழப்பீடு கேட்கும்போது தகராறு வரும். அடுத்து, சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலைதான் கொடுப்பார்கள். இந்த வண்டிகளின் முன்புறம் முழுவதும் பிளாஸ்டிக்கும் சென்சாரும்தான். முழு விலையும் தரும் பாலிசியை வயதான வண்டிக்குப் பல கம்பெனிகள் தருவதில்லை. மூன்றாவது, வெள்ளத்தில் நின்ற வண்டியைச் சாவி போட்டுக் கிளப்பி எஞ்ஜினுக்குள் தண்ணீர் போனால் அதற்குத் தனிப் பாதுகாப்பு எடுத்திருந்தால்தான் உண்டு.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த டீசல் வண்டி எடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அவற்றின் புகைக் குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் சல்லடை உண்டு. நீண்ட தூரம் ஒரே வேகத்தில் ஓடினால்தான் அந்தக் கரி சூடேறி எரியும். வீட்டிலிருந்து கடைக்கு இரண்டு கிலோமீட்டர், கடையிலிருந்து பாங்கிக்கு ஒன்று, மதியம் சாப்பாட்டுக்கு வீடு என்று ஓட்டுகிற நமக்கு அந்தச் சல்லடை அடைத்துக்கொண்டே இருக்கும். நம் வாழ்க்கைக்கும் அந்த வண்டிக்கும் பொருத்தம் இல்லை என்பதே இதன் அர்த்தம்.

ஒரு பக்கத்தை மட்டும் சொன்னோம் என்று இருக்கக்கூடாது. நம் சங்கத்தில் புளி வியாபாரம் செய்யும் அங்கத்தினர் ஒருவர் ஆறு வருஷத்து ஜப்பான் கம்பெனிப் பெட்ரோல் கார் வைத்திருக்கிறார். மாதம் நாலு தடவை கர்நாடகம் போகிறவர். உட்கார்ந்து போக முதுகுக்குச் சுகமாக இருக்கிறது, செலவும் கட்டுக்குள் இருக்கிறது என்கிறார். ஓட்டமும் உண்டு, ஒர்க்‌ஷாப்பும் அவர் போகிற வழியில் உண்டு, செலவை வீட்டுக் கணக்கில் வைக்கிறார். அவருக்குப் பொருந்துகிறது. எங்கள் வண்டியையும் நன்றியில்லாமல் பேச மாட்டோம். 2021-இல் எங்கள் தாயார் இடுப்பு எலும்பு முறிந்து மதுரைக்கும் வீட்டுக்குமாக ஆறு தடவை போய் வந்தார்கள். ஒரு குலுக்கல் இல்லாமல் கொண்டு சேர்த்தது அந்தக் கார். அதற்கு விலை போடத் தெரியவில்லை. ஆனால் அந்த ஆறு தடவைக்கும் நல்ல வாடகைக் கார் கிடைத்திருக்கும் என்பதும் உண்மை.

தம்பி மகளுக்கு 2021 ஆவணியில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்த அன்று கார் சர்வீஸுக்குப் போயிருந்தது. அவர்கள் கேட்டது, கடை எத்தனை வருஷமாக நடக்கிறது, யார் யாரிடம் கொள்முதல் என்பதைத்தான். மாப்பிள்ளையின் தகப்பனார் திண்டுக்கல்லில் அரிசி மண்டி வைத்திருப்பவர். எங்களைப் பற்றி அவர் விசாரித்தது மேலே சொன்ன அந்தப் பருப்பு மில்லில் என்று பிறகு தெரிந்தது. நல்லவேளையாக, அது 2022-க்கு முன்பு.

இப்போது எங்களிடம் இருப்பது புதிதாக வாங்கிய ஒரு சிறிய கார். நம்மூர்ப் பையனே சர்வீஸ் பார்க்கிறான். தூரப் பயணத்துக்கு வாடகை வண்டி. தம்பி இன்றும் நான்கு வழிச் சாலையில் அந்த மாடல் வண்டி எதுவும் கடந்து போனால் திரும்பிப் பார்க்கிறான். நாங்களும் பார்க்கிறோம்.

மூன்று அங்கத்தினர்களில் எண்ணெய் வியாபாரி வேண்டாம் என்று விட்டுவிட்டார். வற்றல் மண்டிக்காரர் யோசனையில் இருக்கிறார். இளைஞர் அட்வான்ஸ் கொடுத்துவிட்டதாகக் கேள்வி. அவர் வாங்கினால் நல்லபடியாக ஓடட்டும். எங்கள் நோட்டு கல்லாப் பெட்டிக்கு அடியில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து பார்த்துக்கொள்ளலாம். பிற்பகல் 3 மணிக்கு மேல் வந்தால் சரக்கு இறங்கும் நெரிசல் இருக்காது.